கடைசிப் பக்கத்துத் தேதிகள்: எங்கள் பேட்டையின் கிளை நூலகம்

ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டாவி வரவிடாத புத்தகம் வேண்டும். நடுவில் யாராவது மருந்துச் சீட்டை நீட்டினால் மூடி வைத்துவிட்டு, பாராசிட்டமாலும் சலைன் பாட்டிலும் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, விட்ட வரியிலேயே திரும்ப ஏறிக்கொள்ள முடிய வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிற எனக்குக் கதைப் புத்தகத்திடம் இருக்கும் எதிர்பார்ப்பு இவ்வளவுதான். இந்தக் கணக்கை வைத்துத்தான் எங்கள் பேட்டையின் கிளை நூலகத்தைப் பற்றி எழுதுகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களும் வேறு விதமாக மார்க் போடுவார்கள். அது அவர்கள் பாடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரே கேள்விப்படாத ஓர் எழுத்தாளரை, யாரும் விளம்பரம் செய்யாத ஒரு கதையை, தூக்கத்தை விரட்டும் ஒரு நாவலைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து இந்த ஊரில் இதைவிட நல்ல இடம் இல்லை. போன மாதம் வெளிவந்த புத்தகம்தான் வேண்டும் என்பவர்கள் மட்டும் இங்கே வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எப்போதோ கட்டிய தாழ்வான கட்டடம், வாசலில் சைக்கிள்கள், உள்ளே நுழைந்ததும் ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலர் ஆனவர்களின் பெயர்ப்பலகை. முன் அறை பெஞ்சு முழுக்கப் பெரியவர்கள். தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்திருப்பார்கள். விளையாட்டுப் பக்கம் வேண்டுமென்றால் அதை வைத்திருப்பவர் எழுந்து போகிறவரை காத்திருக்க வேண்டும். அடுத்த அறையின் மேஜைகளை டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். சொந்தப் புத்தகம், சொந்த நோட்டு, சொந்தத் தண்ணீர் பாட்டில். நூலகத்தின் நாவல் ஒன்றை அவர்களில் யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. அலமாரிப் பக்கம் கூட்டமில்லாமல் நிம்மதியாகத் துழாவலாம்.

உறுப்பினராகச் சேரச் சிறிய காப்புத்தொகை, வருடத்துக்கு ஒரு சொற்பச் சந்தா. சொந்த வீட்டுக்காரராக இருந்தால் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். அதற்காக மெனக்கெட்டவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். அலமாரிகளைப் பூட்டி வைக்காமல் வாசகரே உள்ளே போய் எடுத்துப் பார்க்க விட வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவர்தான். 1931-ல் அவர் எழுதி வைத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகர் கையில் அந்த நூல் தட்டுப்படுவதற்கு அலமாரி திறந்திருந்தால்தானே வழி?

ஆனால் திறந்த அலமாரிக்கு முதல் தடவை போகிறவர் ஏமாந்துதான் போவார். கண் மட்டத்தில் இருப்பவை பெரும்பாலும் தன்னம்பிக்கை நூல்கள், தலைவர்களின் வாழ்க்கை வரலாறு, பொன்மொழித் திரட்டு, நோயில்லாமல் நூறு வயது வாழ வழி சொல்லும் புத்தகங்கள். (மருந்துக் கடையில் நிற்கிற எனக்கு இந்தக் கடைசி வகையைப் பார்த்தாலே ரத்தக்கொதிப்பு ஏறும்.) இவை இத்தனை குவிந்ததற்குக் காரணம் இருக்கிறது. பொது நூலகத் துறை பதிப்பகங்களிடம் மொத்தமாகப் புத்தகம் வாங்குகிறது. பதிப்பாளர்கள் வாயில் இது ‘லைப்ரரி ஆர்டர்’. ஆர்டர் கிடைத்துவிட்டால் அச்சடித்த காசு வந்துவிடும். அதனால் வாசகரை நினைத்து எழுதிய புத்தகமும் ஆர்டரை நினைத்துத் தயாரித்த புத்தகமும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்கின்றன. அட்டையை வைத்து எது எதென்று சொல்ல முடியாது. பழசாகித் திரும்ப பைண்டிங் போட்டவற்றுக்கு அட்டையே கிடையாது. முதுகில் வெள்ளை மையில் ஓர் எண், அதுவும் பாதி அழிந்திருக்கும்.

அதனால் நான் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறக்கிறேன். அங்கே ஒரு தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முறை புத்தகம் வெளியே போகும்போதும், திருப்பித் தரவேண்டிய தேதியை அதில் முத்திரை குத்துவார்கள். மாத்திரை அட்டையைப் புரட்டி எக்ஸ்பயரி பார்த்துப் பழகிய கை, இங்கே வந்தாலும் தானாகப் பின்பக்கத்துக்குப் போய்விடுகிறது. முன்னுரையில் நண்பர் வானளாவப் புகழ்ந்திருக்கலாம். பின்னட்டையில் ‘தமிழில் ஒரு மைல்கல்’ என்று போட்டிருக்கலாம். நம் தெருவில் இருக்கிற நாலு பேர் வீட்டுக்குக் கொண்டுபோனார்களா என்பது அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

அதையும் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். முத்திரைகளை எண்ணினால் மட்டும் போதாது, இடைவெளியைப் பார்க்க வேண்டும். சரியாக இரண்டு வாரத் தவணையில் அடுத்தடுத்து மூன்று நான்கு தேதிகள் வந்தால், பெரும்பாலும் ஒரே ஆள் முடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் புதுப்பித்திருக்கிறார் என்று அர்த்தம். தடித்த புத்தகமென்றால் மன்னிக்கலாம். நூற்றைம்பது பக்க நாவலில் அப்படி இருந்தால் உள்ளே வைத்துவிடுவேன். ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் மூன்று நான்கு நாள்தான் வித்தியாசம் என்றால் நிமிர்ந்து உட்காருவேன். இரண்டு வாரம் தவணை இருந்தும் ஒருவர் நாலு நாளில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், வந்த சூட்டோடு இன்னொருவர் தூக்கிப் போயிருக்கிறார். சிலர் பிடிக்காமலும் சீக்கிரம் திருப்பலாம் இல்லையா? அதற்கு இரண்டாவது சோதனை இருக்கிறது. புத்தகத்தை மூடி, பக்கங்களின் வெளி ஓரத்தைப் பாருங்கள். விரல் பட்டுப்பட்டு அந்த ஓரம் கறுத்திருக்கும். முன்னால் கால்வாசி மட்டும் கறுத்து மீதி வெள்ளையாக இருந்தால், எடுத்த அத்தனை பேரும் அங்கேயே கைவிட்டிருக்கிறார்கள். கடைசி வரை ஒரே கறுப்பாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

இந்தச் சோதனைக்கே அவசியமில்லாத பெயர்கள் உண்டு. ரமணிசந்திரன் நாவல்களின் சீட்டு நிரம்பி, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, அதுவும் நிரம்பியிருக்கும். சாயங்காலம் வருகிற பெண்கள் அலமாரிக்கே போவதில்லை. திரும்பி வந்த புத்தகங்களை வைக்கும் மேஜையிலேயே ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் வாங்கிக்கொள்வார்கள். சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகள் அட்டை கிழிந்து, செல்லோடேப்பில் உயிர் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் இறந்தபின் அவர் புத்தகங்கள் கொஞ்ச நாள் அலமாரியில் தங்கவேயில்லை. இவர்களையெல்லாம் கண்டுபிடிக்க எனக்கு நூலகம் தேவையில்லை. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா வகையறா மாத நாவல்களை பஸ் ஸ்டாண்டு கடையில் பார்த்தே வளர்ந்தவள் நான். எனக்கு வேண்டியது அந்த வேகம், வேறொரு கையிலிருந்து.

அப்படி என் கைக்கு வந்தது பூமணியின் ‘வெக்கை’. மெலிந்த புத்தகம். சீட்டில் பழைய தேதிகள் அங்கொன்றும் இங்கொன்றும், பிறகு 2019-ன் கடைசியிலிருந்து நெருக்கிப் பிடித்து முத்திரைகள். ‘அசுரன்’ படம் வந்த நேரம் அது. நாவலைத் தழுவி எடுத்தது என்று கேள்விப்பட்டவர்கள் வந்து மொய்த்திருக்கிறார்கள். சினிமாவால் வருகிற கூட்டத்தை நான் லேசில் நம்ப மாட்டேன். ஆனால் ஓரம் கடைசிப் பக்கம் வரை கறுத்திருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். பதினைந்து வயதுப் பையன் ஒருவன், தன் அண்ணன் சாவுக்குக் காரணமானவனின் கையை மட்டும் வெட்டுவதாக நினைத்துக்கொண்டு போகிறான். ஆள் செத்தே போகிறான். அப்பனும் மகனும் காட்டுக்குள் ஒளிகிறார்கள். அதற்கப்புறம் என்ன சாப்பிடுவது, எங்கே தூங்குவது, எந்தச் சத்தம் மனுஷச் சத்தம், எது மிருகத்தின் சத்தம் என்பதுதான் கதை. துப்பறிகிறவர் யாரும் இல்லை, திருப்பம் என்று தனியாக ஒன்றும் இல்லை, ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வைக்கிறது. 1982-ல் வந்த நாவல். எழுதியவர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒருவரும் அவர் பெயரைச் சொன்னதில்லை.

அடுத்தது ‘எரியும் பனிக்காடு’. இதற்கும் ஒரு சினிமாத் தொடர்பு உண்டு, 2013-ல் வந்த ‘பரதேசி’. பி.எச். டேனியல் என்கிற டாக்டர் ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வெளிவந்தது. தமிழில் கொண்டுவந்தவர் இரா. முருகவேள். திருநெல்வேலிச் சீமையின் ஒரு வறண்ட கிராமத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் ஆசை வார்த்தையை நம்பி வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். போனவர்கள் முன்பணக் கடனில் மாட்டிக்கொண்டு திரும்பி வர முடியாமல் கிடப்பதைப் பக்கம் பக்கமாகப் பார்க்கிறோம். மலேரியாவைப் பற்றிக் கல்லூரியில் எனக்கு ஒரு பாடமே உண்டு; எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று ஒப்பிப்பேன். அது தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக அடைந்து கிடக்கிற ஒரு லைன் வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று இந்த நாவலில்தான் தெரிந்துகொண்டேன். எழுதியவர் மருத்துவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. அந்த ராத்திரி ஒரு நர்ஸ் வந்து கவுண்டரைத் தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் ஆள் நிற்பதே எனக்குத் தெரிந்தது.

இங்கேதான் நூலகத்தின் இன்னொரு சௌகரியம். ஒரு புத்தகம் பிடித்துவிட்டால் எழுதியவரின் பெயரோடு நிற்காமல் மொழிபெயர்த்தவரின் பெயரையும் பிடித்துக்கொண்டு போவேன். நல்ல மொழிபெயர்ப்பாளர் தனக்கே தூக்கம் கெட்ட புத்தகத்தைத்தான் பெரும்பாலும் கையில் எடுக்கிறார் என்பது என் நம்பிக்கை. முருகவேள் பெயரைத் தேடினால் ‘ஒரு பொருளாதார அடியாளின் வாக்குமூலம்’ கிடைத்தது. கதையில்லை, ஆனால் கதையைப் போலவே ஓடும். பிறகு அவரே எழுதிய ‘மிளிர் கல்’. கண்ணகி நடந்த பாதையைத் தேடிக் கிளம்புகிறவர்களின் பயணமும், காங்கேயம் வட்டாரத்தின் ரத்தினக் கற்களுக்குப் பின்னால் நடக்கிற வியாபாரமும் ஒன்றோடொன்று மோதுகிற நாவல். சில இடங்களில் பாத்திரங்கள் ரொம்பப் பேசுகிறார்கள், விவாத மேடை போல ஆகிவிடுகிறது. ஆனால் கல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி நம்மை இழுத்துக்கொண்டே போகிறது. ஒரு சினிமாவில் ஆரம்பித்து, ஒரு டாக்டர் வழியாக, ஒரு மொழிபெயர்ப்பாளர் வழியாக நான் கேள்விப்பட்டே இராத ஒரு நாவலாசிரியரிடம் போய்ச் சேர்ந்தேன். செலவு, சைக்கிள் மிதித்தது மட்டும்.

தேதிச் சீட்டு கைவிடுகிற இடமும் உண்டு. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ எங்கள் நூலகத்தில் ஏறக்குறைய வெற்றுச் சீட்டோடு இருந்தது. என் முறைப்படி அதை நான் தொட்டிருக்கவே கூடாது. அதை என் கையில் திணித்தவர், தினமும் வருகிற ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். நாவல் அலமாரியில் அவர் படிக்காதது கிடையாது. புத்தகத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து நின்று, கேட்காமலே தீர்ப்புச் சொல்வார். “இத எடுக்காத தாயி. அறுவது பக்கம் வர மழ மட்டுந்தான் பெய்யும்.” “பொறவு?” என்று கேட்டேன். “பொறவு வெயிலடிக்கும்.” அவர்தான் சிங்காரத்தை நீட்டினார். “எவனும் தொடல, அதுக்குப் புத்தகம் என்ன பண்ணும்? மொத அம்பது பக்கத்தப் பல்லக் கடிச்சிட்டுத் தாண்டிரு. அதுக்கப்புறம் நீ எங்க ஒறங்க?”

அவர் சொன்னது சரி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தோனேசியாவின் மெடானிலும் மலேசியாவின் பினாங்கிலும் சுற்றுகிற பாண்டியன் என்கிற இளைஞனின் கதை. ஜப்பான்காரன் உள்ளே வருவது, கப்பலும் தோணியும், நேதாஜியின் ஐஎன்ஏ படை, துப்பாக்கி, நடுநடுவே மதுரைத் தெருக்களின் ஞாபகம். பேச்சு சட்டென்று சங்கப் பாட்டுக்குத் தாவும், அடுத்த வரியில் கெட்ட வார்த்தைக்கு இறங்கும். இந்த மனிதர் வாழ்நாளில் எழுதியது இரண்டே நாவல். இது 1972-ல் வந்தது. மற்றது ‘கடலுக்கு அப்பால்’. மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். இப்படி ஒரு சாகசக் கதை தமிழில் இருக்கும்போது அதன் சீட்டு ஏன் காலியாகக் கிடக்கிறது என்று எனக்குக் கோபமே வந்தது. காரணமும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. தபால்காரர் சொன்ன அந்த முதல் பக்கங்களில் பெயர்களும் ஊர்களும் கூட்டமாக வந்து மோதுகின்றன. பின்னட்டையும் இதை ‘இலக்கியம்’ என்று பயமுறுத்துகிறதே தவிர, உள்ளே கொலையும் கடலும் இருக்கிறது என்று சொல்வதில்லை.

உவரிக்காரரான ஜோ டி குரூஸின் ‘ஆழிசூழ் உலகு’ம் இதே ரகம். 2004-ல் வந்தது. கடலில் சிக்கிக்கொண்டவர்கள் பிழைப்பார்களா என்ற கேள்வியோடு தொடங்கி, ஆமந்துறை என்கிற பரதவர் ஊரின் ஐம்பது வருடத்தை நடுவில் விரிக்கிறது. பேச்சு முழுக்கக் கடற்கரைத் தமிழ். எனக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இருப்பதால் ஓடிவிட்டது; வடக்கத்திய மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் கொஞ்சம் தடுக்கும். தடுக்கட்டும், விடாதீர்கள்.

தபால்காரரைப் போலவே நூலகரும் இந்த இடத்தின் பாதி மதிப்பு. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். “வாங்க பார்மசி” என்பார். நான் என்ன எடுத்தேன், எதைச் சீக்கிரம் திருப்பினேன் என்பது அவருக்கு நினைவிருக்கிறது. ஒருநாள் விருது வாங்கிய நாவல் ஒன்றைப் பதிவுக்கு நீட்டியபோது முத்திரையை மேலே தூக்கியபடியே நிறுத்தினார். “இது நல்ல புத்தகந்தான். ஆனா உங்க டூட்டிக்குச் சரிப்படாது. லீவுக்கு எடுங்க.” மாதச் சந்தா கட்டி மின்நூல் படிக்கிற செயலி ஒன்றும் என் போனில் இருக்கிறது. நான் ஒரு கொலைக் கதை படித்தால் அடுத்து இருபது கொலைக் கதையைக் காட்டும், அதில் பாதிக்கு அட்டைப் படமே ஒன்று. நான் எந்த மணிக்குப் படிக்கிறேன் என்பது அதற்குத் தெரியும். ஏன் படிக்கிறேன் என்பது நூலகருக்குத்தான் தெரிகிறது.

செயலியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. எங்கள் நூலகத்தின் பெரிய ஓட்டை, புது வரவு. ஒரு நாவல் வெளிவந்து, ஆர்டரில் தேர்வாகி, மாவட்டத்துக்கு வந்து, கிளைக்குப் பிரித்து அனுப்பி, எண் போட்டு அலமாரிக்கு வருவதற்குள் அதைப் பற்றிய பேச்சே ஓய்ந்துவிடும். சரவணன் சந்திரனைப் போல, சின்னச் சின்ன அத்தியாயமாக வேகமாக எழுதுகிற இப்போதைய ஆட்களை நான் போனில்தான் முதலில் படித்தேன். கிழக்குத் திமோரில் தொழில் செய்யப் போகிறவர்களைப் பற்றிய அவருடைய ‘ஐந்து முதலைகளின் கதை’ இரவு ஷிப்டுக்கென்றே அளந்து செய்தது. ஆனால் போனில் படித்தால் நடுவில் வாட்ஸப் வந்து மறிக்கும். கவுண்டரில் போனை நோண்டிக்கொண்டிருந்தால் மேலதிகாரி முறைப்பார், புத்தகம் வைத்திருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். பொருநை நெல்லை புத்தகத் திருவிழா வரும்போது புதிய பெயர்களைக் குறித்துக்கொள்ளலாம். அங்கே வாங்குவதற்கு முன் நின்று இருபது பக்கம் படிக்க முடியாது என்பதுதான் குறை; பின்னால் நிற்பவர் பையால் இடித்துத் தள்ளிவிடுவார்.

நேர் எதிர்ப் பக்கத்துக்கு, அதாவது ரொம்பப் பழசுக்குப் போக வேண்டுமென்றால் நூலகமும் உதவாது. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் போன்றவர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே துப்பறியும் நாவல்களாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். எங்கள் கிளையில் அவற்றின் முதுகைக்கூடப் பார்த்ததில்லை. வடுவூராரை விக்கிமூலத்தில் காசில்லாமல் படிக்கலாம். வாக்கியங்கள் ரயில் நீளம் போகும், ஆனால் அவர் படைத்த திகம்பர சாமியார் இன்றைக்கும் சலிக்காத துப்பறிவாளர். 1950-ல் எம்.என். நம்பியார் பல வேடம் போட்டு அந்தப் பெயரிலேயே படம் வந்ததை என் ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களுக்கும் பழைய பத்திரிகைகளுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது. தேடுகிற பெட்டியில் என்ன எழுதுவது என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு அது சுரங்கம். தெரியாதவர்களுக்கு அங்கே ஒரு தபால்காரர் இல்லை.

இனி குறைகள். வெள்ளிக்கிழமை விடுமுறை, என் வார ஓய்வும் வெள்ளிதான். நாவல் பகுதியில் ஒரு டியூப்லைட் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. கீழ்த்தட்டுப் புத்தகத்துக்குத் தரையில் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் சேலையெல்லாம் தூசி. குடிக்கத் தண்ணீர் உண்டு. கழிப்பறையைப் பற்றிக் கேட்காதீர்கள். எழுத்தாளர் பெயர் வரிசை என்று அலமாரியில் ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் புத்தகங்கள் தங்கள் இஷ்டத்துக்குத்தான் நிற்கின்றன. துழாவிக் கண்டுபிடிக்கிற எனக்கு இது ஒருவிதத்தில் லாபம். குறிப்பிட்ட ஒன்றைத் தேடி வருகிறவர் திட்டிக்கொண்டே போவார்.

வாசகர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு மர்ம நாவலின் நாற்பதாவது பக்கத்தில், ஒரு பாத்திரம் அறிமுகமாகிற இடத்தில், யாரோ பென்சிலால் வட்டம் போட்டு ‘இவன்தான்’ என்று எழுதியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். அவன் இல்லை. அதை எழுதியவர் பாதியிலேயே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் என்னைப் போன்றவர்களைக் குழப்பவே எழுதியிருக்க வேண்டும். இன்னொன்றில் கடைசி இரண்டு பக்கத்தைக் காணோம். பத்தாண்டுக்கு முந்தைய முத்திரையிலிருந்து நேற்று வரை எத்தனை பேர் அந்தக் கொலைகாரன் யாரென்று தெரியாமலே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சீட்டைப் பார்த்தாலே தெரிகிறது. ஒருவராவது நூலகரிடம் சொன்னதாகத் தெரியவில்லை. நான் சொன்னேன், கடைசிப் பக்கம் இல்லை என்று சீட்டுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டார்.

பல பாகக் கதைகளை இங்கே தொடங்குவதாக இருந்தால், எல்லாப் பாகமும் இருக்கிறதா என்று பதிவேட்டில் பார்க்காமல் அலமாரியில் கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ‘பொன்னியின் செல்வ’னுக்குப் பல பதிப்பகத்துப் பிரதிகள் இருப்பதால் கவலையில்லை, கலைத்துச் சேர்த்தால் ஐந்து பாகமும் தேறிவிடும். சாண்டில்யனுக்கு அந்த வசதி இல்லை. ‘கடல் புறா’வில் முதல் பாகமும் மூன்றாம் பாகமும் எங்கள் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இரண்டாம் பாகம் போனது போனதுதான். யார் எடுத்தார்கள் என்பது நூலகருக்குத் தெரியும், எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார். கதாநாயகன் இளையபல்லவனை முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். எடுத்துப் போனவர் எங்கள் பேட்டைக்காரர்தான், ஒருவேளை இதைப் படிக்கவும் கூடும். தாமதக் கட்டணம் எவ்வளவு ஏறியிருந்தாலும் நான் கட்டிவிடுகிறேன். கவுண்டருக்கு வரக் கூச்சமாக இருந்தால், திரும்பி வந்த புத்தகங்களின் மேஜையில் ரமணிசந்திரனுக்கு அடியில் செருகி வைத்துவிட்டுப் போங்கள்.